தொட்டிலுக்கு அக்கட்டால ஒரு நெஞ்சு

உன்ற அம்மாளுக்கு ரெண்டே கவலைதான் அம்மிணி. இந்த பி.சி.ஓ.டி.ங்கற சினைப்பைச் சமாச்சாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்துருமோங்கறது ஒண்ணு. கண்ணாலம் ஆயி வருசம் திரும்பறதுக்குள்ள தொட்டில் கட்டுவமோ மாட்டமோங்கறது இன்னொண்ணு. உன்ற கவலையே வேற. தாவாக்கட்டையில மொளைச்ச நாலு முடி, தலையில கொட்டற நானூறு முடி, செல்பியில தெரியற பரு. சித்திக்காரிக்கு உன்ற எடை மேல கண்ணு. எதுத்த ஊட்டுக்காரிக்கு என்ன கவலைன்னு எனக்கு வெளங்கல, ஆனா அவளும் வந்து பெருமூச்சு விட்டுப்போட்டு, காப்பியும் குடிச்சுப்போட்டுத்தான் போனா. இத்தனை பேரு கவலைப்பட்டீங்களே, ஒருத்தியாவது உன்ற நெஞ்சைப் பத்திக் கேட்டாளா?

காதல் சமாச்சாரம் கேக்கலை சாமி, அதை நீயே பாத்துக்குவே. லப்டப்புன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்குதே, அந்த நெஞ்சைச் சொல்றேன்.

அம்மாயிக்கு வயசாச்சு, ஒளர்றான்னு நெனைக்காதே. ஊர் ஊரா நர்சம்மாளாப் போயிட்டு வந்து ரிட்டையர் ஆனவ நான். எங்க ரிஜிஸ்டர்ல பொம்பளைக்குன்னு என்னென்ன கட்டம் இருந்துச்சு தெரியுமா? கர்ப்பமா, எத்தனையாவது, ஊசி போட்டாச்சா, பிரசவம் எங்க, குடும்பக்கட்டுப்பாடு ஆச்சா. அந்தக் கடைசிக் கட்டத்துல டிக் விழுந்துச்சுன்னா அவ பேரு நோட்டுல இருந்தே உதுந்துரும். அதுக்கப்பறம் அவ இன்னும் நாப்பது வருசம் உசுரோட இருப்பாளேங்கறதுக்கு ஒரு கட்டமும் கெடையாது. இந்த பி.சி.ஓ.டி. கதையும் அதே நோட்டுல எழுதுனதுதான்.

நான் சும்மா சொல்லலை. 1921-லயே பாரிசுல அஷார், தியர்னு ரெண்டு டாக்டருங்க, தாடி மொளைச்ச பொம்பளைக்குச் சக்கரை வியாதியும் சேந்து வருதுன்னு எழுதி வெச்சாங்க. ஒலகம் கண்டுக்கல. 1935-ல சிகாகோவுல ஸ்டெயின், லெவந்தால்னு இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. மாசக்குளி நின்னுபோன ஏழு பொம்பளைகளுக்குச் சினைப்பையில ஒரு கீத்தை வெட்டி எடுத்தாங்க. ஏழு பேருக்கும் குளி திரும்பிருச்சு, ரெண்டு பேரு கர்ப்பமாயிட்டாங்க. அவ்வளவுதான், ஒலகமே எந்திரிச்சு நின்னு கும்புட்டுது, சீக்குக்கே அவங்க பேரை வெச்சாங்க. தாடிக்காரிக்குச் சக்கரை இருந்துச்சேன்னு மறுக்கா யாராச்சும் ரோசனை பண்றதுக்கு 1980 ஆயிப்போச்சு. அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர்ல ரத்தத்தை அளந்து பாத்து, இவங்களுக்கு இன்சுலின் ஏகமா இருக்குதுன்னு சொன்னாங்க. சக்கரைக்கு முன்னாடியே தொட்டில் வந்து முன்வரிசையில உக்காந்துக்கிச்சு. உன்ற அம்மாளை மட்டும் என்னத்துக்குக் கொறை சொல்றது?

இன்சுலினுக்கும் உன்ற மொகத்து முடிக்கும் என்ன சம்மந்தம்னு கேளு. உன்ற அப்புச்சிக்குக் காது மந்தம், தெரியுமல்லோ. காப்பி குடிக்க வாங்கன்னு நான் கூப்புட்டா அவருக்குக் கேக்காது. கத்துவேன். அப்பவும் கேக்காது. இன்னுங் கத்துவேன், தெருவுல இருக்கறவீகல்லாம் எட்டிப் பாப்பாங்க. உன்ற ஒடம்புல சதைக்குத்தான் காது மந்தம். சோத்துல இருந்து வந்த சக்கரையை உள்ளார வாங்கிக்கன்னு இன்சுலின் சொன்னா அதுக்குச் சரியாக் கேக்கறதில்ல. கணையம் சும்மா இருக்குமா? இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு இன்சுலினைக் கூட்டுது. பக்கத்து ஊட்டுல சினைப்பைன்னு ஒருத்தி இருக்கறா பாரு, அவளுக்குக் காது நெம்பக் கூர்மை. என்னையத்தான் கூப்புடறாங்கன்னு ஆம்பளை ஹார்மோனைக் கூடுதலாச் சொரக்க ஆரம்பிச்சுர்றா. அந்த ஹார்மோனைப் புடிச்சு வெக்கறதுக்கு ஈரல் ஒரு புரதம் பண்ணித் தரோணும். இன்சுலின் ஏறிப்போனா அதுவுங் கொறைஞ்சு போகுது. தாவாயில முடி, மொகத்துல பரு, மாசக்கணக்கு தப்பறது எல்லாம் அங்கிருந்துதான்.

ஸ்கேன்ல முத்து முத்தாத் தெரியுதே, அது கட்டியில்ல கண்ணு. முட்டை வளந்து வெடிக்கோணும்னு கெளம்பி, பாதி வழியில நின்னுபோன பைக. ஒவ்வொண்ணும் 2-ல இருந்து 9 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். உன்ற சித்தி கழச்சிக்காயும் மொளகும் இடிச்சுக் குடுத்துக் கட்டியைக் கரைக்கறேங்கறா. கரையறதுக்கு அங்க கட்டி எங்கடி இருக்குது? கழச்சிக்காய் மேல எனக்கு ஒரு பகையும் இல்ல. அதைத் தின்னுபோட்டேன், இனி சோதனைக்கு ரத்தம் குடுக்க வேண்டாம்னு படுத்துக்கறே பாரு, அங்கதான் எனக்கு வாயி நீளுது.

ஸ்கேன்ல முத்துத் தெரிஞ்சா மட்டும் பி.சி.ஓ.எஸ். (பி.சி.ஓ.டி.ன்னு நாம சொல்றதுதான்) ஆயிராது, தெரியாட்டி இல்லைன்னும் ஆயிராது. 2003-ல நெதர்லாந்துல ராட்டர்டாம் ஊர்ல கூடி வெச்ச கணக்கு இது: குளி தப்பறது, ஆம்பளை ஹார்மோன் கூடுதல், ஸ்கேன்ல முத்து, இந்த மூணுல ரெண்டு இருக்கோணும், வேற சீக்கு ஏதும் காரணமில்லைன்னும் பாத்துக்கோணும். வயசுக்கு வந்து எட்டு வருசம் ஆகாத புள்ளைக்கு ஸ்கேனை வெச்சு முடிவு கட்டாதீங்கன்னு இப்ப சொல்றாங்க. எட்டாங்கிளாஸ் புள்ளைக்கெல்லாம் படம் புடிச்சுக் கவர்ல போட்டுக் குடுக்கறாங்களே, அதுக்காகச் சொன்னேன்.

சரி, நெஞ்சுக்கு வா. காது கேக்காத சதையும் கூடிப்போன இன்சுலினும் வருசக்கணக்கா ஓடுனா என்னாகும்? ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு ஏறும். எச்.டி.எல்.னு நல்ல கொழுப்பு எறங்கும். பிரஷர் மெல்ல மேல போகும். ரத்தக்கொழாயோட உள்பக்கம் கெட்டுப்போகும். இது ஒண்ணும் வலிக்காது. அதுதான் கெரகமே. பரு வந்தா கண்ணாடி சொல்லும், குளி தப்புனா காலண்டர் சொல்லும், ட்ரைகிளிசரைடு ஏறுனா யாரு சொல்றது?

ஒடம்பு ஒரு சாடை காட்டும். உன்ற கழுத்துக்குப் பின்னால கறுப்பா, வெல்வெட்டுத் துணியாட்ட இருக்குதே, அதைக் கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே கழண்டு போச்சு. அது அழுக்கில்ல அம்மிணி. இன்சுலின் கூடிப்போச்சுங்கறதுக்கு அடையாளம். தேய்க்கறதுன்னா நடந்து ரோட்டைத் தேயி.

பயப்படுத்தறேன்னு நெனைக்காதே. உனக்கு 26 வயசு. நாளைக்கே மாரடைக்கும்னு சொன்னா எனக்கு வாயி வெந்துபோகும். இந்த வயசுல அந்த ஆபத்து நெம்பக் கம்மி. ஆனா நம்ம தெக்காசியாக்காரங்க நெஞ்சுக்குப் பொறுமை கொறைச்சல். 52 நாட்டுல பாத்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியில, நம்ம பக்கத்து ஆளுகளுக்கு மொத மாரடைப்பு சராசரியா 53 வயசுல வந்திருக்குது, மத்தவீகளுக்கு 59 பக்கம். அதுக்கு மேல பி.சி.ஓ.எஸ். வேற. பல நாட்டுக்காரங்க சேந்து, ஆஸ்திரேலியாவோட மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னால நின்னு 2023-ல ஒரு வழிகாட்டுதல் எழுதுனாங்க. இந்தப் பொம்பளைகளுக்கு இதயச் சீக்கு வர்ற வாய்ப்பு கூடுதல்னே வெச்சுக்கிட்டுப் பாருங்கன்னு அதுல டாக்டருங்களுக்கே சொல்லியிருக்குது. உன்ற எதுத்த ஊட்டுக்காரிக்குச் சொல்லலை, டாக்டருங்களுக்கு.

எங்க காலத்துல இந்தச் சீக்கெல்லாம் ஏதுன்னு உன்ற அம்மா சொல்றா. அவளுக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கலை. என்ற பெரியத்தை ஒருத்தி. மேலொதட்டுல அரும்புமீசை, குளி ஆறு மாசத்துக்கு ஒருக்கா, புள்ளையில்ல. மலடின்னு பேரு வெச்சு, நோம்பிக்குச் சீர்த்தட்டைக் கூடத் தொட விடமாட்டாங்க. அம்பது தாண்டி ஒரு நாள் மாவாட்டிக்கிட்டு இருக்கறப்பவே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவ எந்திரிக்கல. கெட்ட காத்து அடிச்சிருச்சுன்னாங்க. அவளுக்கு என்ன இருந்துச்சுன்னு இப்ப யாரும் சோதிச்சுச் சொல்ல முடியாது. சீக்கு இல்லாம இல்ல, பேரு வேற வெச்சிருந்தோம்னு மட்டும் சொல்லுவேன்.

ஒல்லியா இருக்கறவளுகளுக்கு இது இல்லைன்னு உன்ற சிநேகிதி ஒருத்தி சிரிச்சாளாம். அவளையுங் கூட்டிக்கிட்டு வா. ஒல்லியா இருந்தும் இன்சுலின் கேக்காத பொண்ணுக நெறைய. நம்மாளுகளுக்குக் கையும் காலும் குச்சியா இருக்கும், கொழுப்பு வயித்துல போயி ஒளிஞ்சுக்கும். தையக்காரன் டேப்பை எடு. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டப்பறம் அளந்து பாரு. 80 சென்டிமீட்டருக்கு மேல போச்சுன்னா நம்ம ஊர்ப் பொம்பளைக்கு அது சாஸ்தி. டேப்பு புடிக்கறப்ப வயித்தை எக்கிக்கிட்டு நிக்கறவளைத்தான் எனக்குத் தெரியுமே. டேப்பை ஏமாத்தலாம், ஈரலை ஏமாத்த முடியாது. நான் உன்னைய எதுக்கு வேணும்னாலும் கிண்டல் பண்ணுவேன், எடைக்கு மட்டும் பண்ணமாட்டேன். அதைப் பண்றதுக்குத்தான் ஊரே இருக்குது. பேசிப் பேசி மனசொடிஞ்ச பொண்ணு ஒருத்தியும் எளைச்சு நான் பாத்ததில்ல. இந்தச் சீக்கோட மனச்சோர்வும் சேந்தே வரும், அதையும் டாக்டர்கிட்டச் சொல்லோணும்.

சரி, என்ன சோதிக்கறது? பிரஷரை வருசத்துக்கு ஒருக்காவாவது பாரு. கொழுப்பு முழுசாப் பாரு, மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் எழுதிக் குடுத்தா வாங்கிக்காதே. சக்கரைக்கு, வெறும் வயித்துல குத்திப் பாத்துப்போட்டு நார்மல்னு துள்ளாதே. வெறும் வயித்துல நல்ல புள்ளையா இருக்கற சக்கரை, சாப்புட்டப்பறம் குணத்தைக் காட்டும். 75 கிராம் குளுக்கோசு கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கறதுதான் உனக்குச் சரி. 140-க்குள்ள இருந்தா நிம்மதி. 140-ல இருந்து 199 வரைக்கும்னா எச்சரிக்கை, 200 தொட்டா சக்கரை. நல்லா இருந்தாலும் ஒண்ணுல இருந்து மூணு வருசத்துக்குள்ள மறுக்கா பாக்கோணும். அந்த ரெண்டு மணி நேரம் லேப்ல என்ன பண்றதுன்னு கேக்காதே. ரீல்ஸ் பாத்துக்கிட்டு நாலு மணி நேரம் உக்காருவே, எனக்குத் தெரியாதா? கொறட்டை விட்டுப்போட்டுப் பகல்ல தூங்கி வழியறியான்னும் டாக்டர் கேப்பாரு, மூச்சடைக்கற தூக்கமும் இதோட சேந்தது. கொறட்டையே விடறதில்லைன்னு பொய் சொல்லாதே. நான் பக்கத்துல படுத்தவ.

மாத்திரை சமாச்சாரம் ஒண்ணு. குளி வரவெக்க டாக்டர் குடுக்கற மாத்திரை தப்பில்ல. மாசக்கணக்கா குளி வராமக் கெடந்தா கருப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், அது நல்லதில்ல. ஆனா மாத்திரையில குளி வருதுங்கறதுக்காக உள்ளார இன்சுலின் சரியாப் போச்சுன்னு அர்த்தமில்ல. அது காலண்டரைத்தான் திருத்துது. இன்னொண்ணு, சிநேகிதியோட அட்டையைக் காட்டி மருந்துக்கடையில வாங்கித் திங்காதே. பிரஷர் இருக்கறவ, கண்ணுல மின்னல் வெட்டி ஒத்தைத் தலைவலி வர்றவ, முன்னால ரத்தம் கட்டுனவ, சிகரெட்டுப் புடிக்கறவ, இவங்களுக்கெல்லாம் அந்த மாத்திரை ரத்தத்தை ஒறைய வெச்சு வெனையாக்கலாம். என்னைய அப்புடிப் பாக்காதே, கோயமுத்தூர் ஆபீசுக மாடிப்படியில யாரு என்ன பண்றீங்கன்னு எனக்குந் தெரியும். மெட்பார்மின் எழுதிக் குடுத்தா, சக்கரை மாத்திரை எனக்கு எதுக்குன்னு சண்டை போடாதே, இன்சுலின் கத்தற சத்தத்தைக் கொறைக்கறதுக்குத்தான் அது. வயித்தைப் பொரட்டுனா சோத்தோட முழுங்கு, வருசக்கணக்காத் தின்னா பி12 பாரு.

சோத்துக்கு வர்றேன். இந்தச் சீக்குக்குன்னு ஒரு தனிப் பத்தியம் மத்ததை விட ஒசத்தின்னு யாரும் நிரூபிக்கலை, அந்த 2023 வழிகாட்டுதலே அப்புடித்தான் சொல்லுது. அதனால மாசத்துக்கொரு டயட்டுன்னு காசைக் கொட்டாதே. கொள்ளும் பருப்பும் பச்சைக்காயும் தட்டுல பாதியாகட்டும், சோறு கொறையட்டும். சிறுதானியம்னு பேரு போட்ட பிஸ்கோத்து வாங்கி வெச்சிருக்கியே, அதுல கம்பு எத்தனை, சக்கரை எத்தனைன்னு கண்ணாடி போட்டுப் படி. நான் படிச்சுப்போட்டேன். பொழுதோட நாலு மணிக்குப் பேக்கரியில பப்சும் தேங்காய்ப் பன்னும் இல்லீன்னா நம்ம பக்கத்து ஆளுகளுக்குக் கையே ஓடாது. அதை மொதல்ல வாரத்துக்கு ஒரு நாளாக்கு, மத்தது அப்பறம்.

நடையைப் பத்தி ஒரு ரகசியம் சொல்றேன். சதை வேலை செய்யறப்ப, இன்சுலின் கூப்புடாமயே அது சக்கரையை எடுத்துக்கும். அப்புச்சியைக் கூப்புடவே வேண்டாம், அவரே காப்பிக்கு வந்துருவாரு. வாரத்துக்கு 150 நிமிசம் வெசயா நடக்கோணும், ரெண்டு நாள் எடை தூக்கற வேலையும் வேணும். சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல வெளியிட்ட ஆராய்ச்சியில, சக்கரை வரப்போற கட்டத்துல இருந்தவீக நடையும் சாப்பாடும் மாத்துனதுல, சக்கரை வர்றது 28.5 சதம் கொறைஞ்சுது. மெட்பார்மினுக்கு 26.4. அது ஆணும் பொண்ணும் கலந்து பண்ணுனது, உன்ற சீக்குக்குன்னு பண்ணுனதில்ல, ஆனா சதை எல்லாருக்கும் ஒண்ணுதான். எடை கூடுதலா இருக்கறவளுக்கு அஞ்சு சதம் எறங்குனாலே போதும், பலன் தெரியும். 70 கிலோவுல மூணரைக் கிலோ. சினிமாக்காரியாட்ட ஆகோணும்னு யாரு கேட்டா?

இனி தொட்டில். கட்டுவே, தாராளமாக் கட்டுவே. பி.சி.ஓ.எஸ். இருக்கற பொண்ணுக நெறையப் பேருக்குக் கொஞ்சம் மருந்து ஒத்தாசையோட கர்ப்பம் நிக்கும். ஆனா கர்ப்பத்துல சக்கரையும் பிரஷரும் வர்ற வாய்ப்பு உனக்குக் கூடுதல். நம்ம ஊர்ல அதுக்கு ஒரு புண்ணியவான் இருந்தாரு, டாக்டர் சேஷய்யா. எப்பச் சாப்புட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோசு குடுத்து ரெண்டு மணி நேரத்துல ஒரே தடவை ரத்தம் பாத்தாப் போதும்னு கொண்டுவந்தாரு. 2007-ல தமிழ்நாட்டு அரசு கர்ப்பிணிக எல்லாருக்கும் சக்கரை பாக்கோணும்னு சொல்லிருச்சு. அதனால கர்ப்பத்துல உன்னைய விடமாட்டாங்க, தொரத்தித் தொரத்திப் பாப்பாங்க. என்ற சந்தேகமெல்லாம் புள்ளை பொறந்த மறுநாளைப் பத்தித்தான். கர்ப்பத்துல சக்கரையோ பிரஷரோ வந்தவளுக்குப் பின்னாடி நெஞ்சுச் சீக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். ஆனா புள்ளைக்குப் பேரு வெச்சு, காது குத்தி, கெடா வெட்டி முடிக்கறதுக்குள்ள அம்மாக்காரியோட பைலை எல்லாரும் மூடிப்போடுவாங்க. அவளே மூடிப்போடுவா. உன்ற பைலை என்கிட்டக் குடுத்து வை. இல்லீன்னா பீரோவுல நகைக்குப் பக்கத்துல வை, அதுதான் நம்ம ஊட்ல அடிக்கடி தொறந்து பாக்கற எடம்.

நாப்பத்தஞ்சு, அம்பதுல குளி நிக்கறப்ப, அப்பாடா சனியன் தொலைஞ்சுதுன்னு எல்லாரும் இருப்பாங்க. குளி போயிரும், பிரஷரும் கொழுப்பும் கூடவே போகாது. அந்த வயசுல பொம்பளைக்கு நெஞ்சு வலின்னா சினிமாவுல வர்றாப்புல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழறதா மட்டும் இருக்காது. நெஞ்சை அமுக்கறதோட, இல்லைன்னா அதுவுமில்லாம, மூச்சு வாங்கும், வேர்த்துக் கொட்டும், தாடையோ முதுகோ மேல்வயிறோ இழுக்கும், எந்திரிக்க முடியாத அசதி வரும். நம்ம ஊட்ல என்ன பண்ணுவாங்க? கேஸ்னு சொல்லிச் சோடா ஒடைப்பாங்க, ஓமத்தண்ணி காச்சுவாங்க, வெந்நீர் ஒத்தடம் குடுப்பாங்க, அதுக்கப்பறம் அவளையே சோறாக்கச் சொல்லுவாங்க. சோடாவை அவங்களே குடிக்கட்டும். நீ 108-ஐக் கூப்புடு, போனதும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லு, எனக்கு பி.சி.ஓ.எஸ். இருந்துச்சுன்னும் சொல்லு. முப்பது வருசத்துக்கு முந்துன குளிக்கதை இப்ப எதுக்கும்மான்னு அங்க ஒருத்தரு சிரிச்சாலும் சொல்லு.

கடைசியா ஒண்ணு, இதை உன்ற அம்மா காதுல விழறாப்புலயே சொல்றேன். இந்தப் பழியெல்லாம் உன்ற தலையிலயே விழுந்துருச்சு. ஆனா இந்தச் சீக்கு இருக்கற பொண்ணுகளோட ரத்தசொந்தக்காரங்களையும் சோதிச்சுப் பாத்திருக்கறாங்க. அம்மா, அக்கா தங்கச்சிக்கு மட்டுமில்ல, அப்பன், அண்ணன் தம்பிக்கும் இன்சுலின் கேக்காத கோளாறும் கொழுப்புக் கோளாறும் கூடுதலாத் தெரியுது. உன்ற அண்ணனுக்கு மீசை மொளைச்சப்ப யாரும் ஸ்கேன் எடுக்கலை, தொப்பை வந்தப்ப ஆள் தேறிட்டான்னு சுத்திப் போட்டாங்க. நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறப்ப அவனையும் இழுத்துக்கிட்டுப் போ. வெறும் வயிறுன்னா பேக்கரி டீயும் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிப்போடு, இல்லீன்னா பாதி வழியில வண்டியை நிறுத்திப்போடுவான்.